ஈ.எஸ்.ஆர். போட்ட ஒரு மணி நேரம்

டாக்டர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று கவுண்டரில் சொன்னார்கள். ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாராம். ஒரு மணி நேரம் என்று யாராவது சொன்னால் என் கண் தானாகச் சுவரில் கடிகாரத்தைத் தேடும். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவனுக்கு அது ஒட்டிக்கொண்ட பழக்கம். மணி பத்து நாற்பது. பக்கத்து நாற்காலியில் என் மனைவி, மூன்று மாதத்துக்கு முன்னால் மாற்றிய வலது முழங்காலை நேரே நீட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு என் சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடந்தது.

அதில் ஏழு என்று போட்டிருந்தது. பத்துக்குள் இருந்தாலே நிம்மதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் அதை இரண்டாவது தடவை பிரித்துப் பார்க்கவே இல்லை.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அந்த எண்ணை நம்ப முடியாது. டாக்டர் கூடாது என்று சொன்ன ஒன்றை, டாக்டருக்கும் தெரியாமல் இவளுக்கும் தெரியாமல் செய்து, நானே இறக்கிய எண் அது.

மூட்டு மாற்றியவர்களுக்கு உள்ளே கிருமி புகுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ரத்தத்தில் இரண்டு எண்களைப் பார்ப்பார்கள். ஒன்று சி.ஆர்.பி. உடம்பில் எங்கேயாவது கிருமி இருந்தால் சட்டென்று ஏறும், சரியானால் சட்டென்று இறங்கும். இன்னொன்று ஈ.எஸ்.ஆர். அது ஏறினால் லேசில் இறங்காது. போய்ட்டு வரேன், போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டே வாசலில் அரை மணி நேரம் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி. ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் இவளுடைய சி.ஆர்.பி. நூற்று நாற்பது. வெட்டித் தைத்தால் உடம்பு சும்மா இருக்குமா, எல்லோருக்கும் ஏறுவதுதான். இரண்டாவது வாரம் முப்பத்தாறு. ஆறாவது வாரம் ஆறு. அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்றாவது மாதம் அது முப்பத்தொன்றுக்கு ஏறியது. முழங்காலும் சாயங்காலமானால் கொஞ்சம் சூடாக இருந்தது. அந்த வாரம் இவளுக்குச் சளியும் காய்ச்சலும் வேறு. எலும்பு டாக்டர் எங்கள் மகள் வயசுப் பெண்மணி, பேச்சில் அவசரமே இல்லாதவர். அவர் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"சளியால ஏறியிருக்கலாம். முழங்காலாவும் இருக்கலாம். ஒரே ஒரு எண்ணை வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை எடுங்க. இறங்கியிருந்தா சளிதான். ஏறியிருந்தா மூட்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்போம். அதுவரைக்கும் ஆண்டிபயாட்டிக் எதுவும் போடக் கூடாது. யார் குடுத்தாலும் போடாதீங்க. கிருமி சாகாம ஒளிஞ்சுக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாம போயிடும்."

'யார் கொடுத்தாலும்' என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லேபில் இருந்தவனுக்கு ஒரு கெட்ட வரம் உண்டு. நடக்கக்கூடியது எல்லாம் தெரியும். மூட்டில் கிருமி என்றால் என்ன செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வைத்த மூட்டைக் கழற்றி, அந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்டை அடைத்து, மாதக்கணக்கில் காலைச் சரியாக ஊன்ற விடாமல் வைத்திருந்து, ரத்தம் எடுத்து, ரத்தம் எடுத்து, எண் இறங்கிய பிறகு இன்னொரு மூட்டு வைப்பார்கள். அப்படி ஆனவர்களின் சீட்டுகளை நான் வருஷக்கணக்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். சீட்டில் எண் மட்டும்தான் இருக்கும். ஆளை ஒரு நாள் வராந்தாவில் பார்ப்பேன், அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்காது.

இவள் நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலை விட்டு இறங்கினால் இவள் எனக்கு நாலடி முன்னால் போவாள். கல்யாணம் ஆன புதிதில் இருந்தே அப்படித்தான். நான் நெட்டை, காலும் நீளம், லேபில் ரத்தம் உறிஞ்சும் நீளக் கண்ணாடிக் குழாயின் பேரை வைத்து எனக்குப் 'பிப்பெட்' என்றே பட்டப் பெயர். ஆனாலும் அந்த நாலடியை என்னால் பிடிக்க முடிந்ததில்லை. "யாராவது துரத்தறாங்களா?" என்று பின்னாலிருந்து கேட்பேன். "நீங்கதான்" என்பாள் திரும்பாமல். அவளும் என்னோடு அதே லேபில்தான் இருந்தாள்; வார்டு வார்டாக ரத்தம் எடுக்கப் போகும்போது அவள் செருப்புச் சத்தத்தை வைத்தே நர்சுகள் மணி சொல்வார்கள். அப்புறம் முழங்கால் தேய்ந்தது. முதலில் என் பக்கத்தில் நடந்தாள், அப்புறம் என் பின்னால். ஒரு நாள் சாயங்காலம் ஏதோ பேசிக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால், தெருமுனையில் ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூப்பிடக்கூட இல்லை. அன்றைக்கு எனக்கு என் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அந்த நாலடி எனக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் இந்த ஆபரேஷனுக்கே நான் அவளைப் பிடித்துத் தள்ளினேன்.

முப்பத்தொன்று என்று கேட்டு வீட்டுக்கு வந்ததும் என் அலமாரியைத் திறந்தேன். போன வருஷம் என் பல் வலிக்கு எழுதித் தந்த ஆண்டிபயாட்டிக் இருந்தது. பதினாலு மாத்திரை, காலையிலும் மாலையிலும் ஒன்று என்று ஏழு நாளைக்கு. வலி தானாக நின்றதால் அட்டை பிரிக்காமலே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு தனி ருசி இருக்கிறது. எதைச் செய்யக் கூடாது என்பதோடு அது ஏன் கூடாது என்பதும் தெரியும், செய்துவிட்டு நியாயமும் கற்பித்துக்கொள்ளத் தெரியும். எண் இறங்கினால் திறக்க மாட்டார்கள். அந்த ஒன்றுதான் எனக்கு அப்போது கண்ணில் பட்டது. பதினாலையும் இவளுடைய கால்சியம் பாட்டிலில் போட்டு, கால்சியத்தை வேறு டப்பாவில் ஒளித்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு கூடத்துக்குப் போனேன்.

"கால்சியம். மறந்துட்ட பாரு" என்று அவள் உள்ளங்கையில் வைத்தேன். டிவியைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். அப்புறம் ஏழு நாளும் வேளை தவறாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதுதான் நான் செய்தது. இப்போது சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது, கடிகாரம் பத்து ஐம்பது காட்டுகிறது.

"ஒரு மணி நேரம்" என்றாள் இவள். "ஈ.எஸ்.ஆர். போட்டுட்டு உக்காந்த மாதிரி இருக்கு."

நான் சிரித்து வைத்தேன்.

இப்போது எல்லாம் மெஷின். குழாயை உள்ளே வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் எண்ணைத் துப்பிவிடும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாயால் ரத்தத்தை உறிஞ்சிக் குழாயில் ஏற்றிய காலத்தை நினைத்தால் இன்னும் நாக்கில் உப்புக் கரிக்கிறது, அதெல்லாம் போனதே நல்லது. எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வேண்டும். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான மெல்லிய கண்ணாடிக் குழாய்கள், பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுகள். ரத்தத்தை ஏற்றி ஸ்டாண்டில் நேராக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் தொடக் கூடாது. சிவப்பு மெல்லக் கீழே இறங்கும், மேலே வெளிர் மஞ்சளாகத் தெளியும். உடம்பில் கோளாறு இருந்தால் சிவப்பு வேகமாக இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியதோ அதுதான் ஈ.எஸ்.ஆர்.

இவள் லேபில் சேர்ந்த முதல் வாரமே நான் ஒரு புதுச் சட்டம் போட்டேன். ஸ்டாண்டு இருக்கும் மேஜையை யாரும் இடித்துவிடாமல் இரண்டு பேர் காவல் இருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கண்ணாடிக் குழாய்க்குக் காவல் வைத்த லேப் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். தலைமை டெக்னீஷியன் ஒரு நாள் மூக்குக் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்து, "திருடன் வருவான்னு பயமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றுமே உருப்படியாக இல்லை. அவள் அப்பாவுக்குக் கடிதம் எழுதப் பிடிக்காது. எனக்கு நீச்சல் தெரியாது. அவள் தங்கை பரீட்சைக்கு மை இல்லாத பேனாவோடு போன கதை. குழாயில் சிவப்பு ஒவ்வொரு கோடாக இறங்கும், நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். மணி ஆனதும் அவள் குனிந்து எண்ணைச் சொல்வாள், நான் எழுதுவேன். "இருபத்திரண்டு. பதினெட்டு. ஐம்பத்தஞ்சு." இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்தக் குரலில் எண்களைக் கேட்டால் எனக்கு என்னவோ செய்யும். காதல் பேச்சு என்று எங்களுக்குள் நடந்தது அதுதான்.

"அந்தத் தையல்காரர் ஞாபகம் இருக்கா?" என்றாள் இவள் திடீரென்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தத் தையல்காரர்?" என்றேன்.

"நமக்குத் தெரிஞ்சவர் ஒரே ஒரு தையல்காரர்தான்" என்றாள்.

எப்படி மறக்கும். எங்கள் மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் நான் ஒரு அட்டையை மடித்துச் செருகியிருந்தேன். ஸ்டாண்டின் அடிப்பாகத்தில் ஒரு சின்ன ரசமட்டம் உண்டு, கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே அதே மாதிரி. குமிழி நடுவில் நிற்கிறதா என்று தினமும் முதலில் பார்க்க வேண்டும். குழாய் கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பு ஓரமாகச் சறுக்கிக்கொண்டு வேகமாக இறங்கிவிடும், எண் பொய்யாக ஏறும். ஒரு நாள் காலையில் பெருக்கும் அம்மா அந்த அட்டையைக் குப்பை என்று வாரிக்கொண்டு போய்விட்டார். குமிழி ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இவள் மேஜையில் வைத்த பென்சில் தானாக உருண்டு கீழே விழுந்தது. எடுத்து வைத்தாள், மறுபடியும் உருண்டது. மூன்றாவது தடவை எடுத்து வைக்கவில்லை. குனிந்து மேஜைக் காலைப் பார்த்தாள், அப்புறம் குமிழியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அதற்குள் அன்றைய ஆறு முடிவுகளும் வார்டுக்குப் போயாகிவிட்டன.

"பத்து, பதினஞ்சு கூட இருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. விடு" என்றேன். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம்.

அவள் பதிவு நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள். தையல்காரர் ஒருவர், இடுப்பு மூட்டு மாற்றி மூன்று மாதம் ஆனவர். போன மாதம் ஐம்பது. இன்றைக்கு அறுபத்தெட்டு. அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது அந்த ஒரு எண்தான். இறங்கிக்கொண்டு வந்தால் நல்லது, ஏறினால் உள்ளே கிருமி. மறுநாள் காலையில் இடுப்பைத் திறந்து பார்ப்பது என்று சர்ஜன் எழுதிவிட்டார் என்று வார்டிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள். சேர்ந்து ஆறு வாரம்கூட ஆகாதவள், என் எதிரில் வந்து நின்றாள்.

"சார், நான் போய்ச் சொன்னா அது உங்க மேல புகார். நீங்க போய்ச் சொன்னா அது திருத்தம். எதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் அஞ்சு நிமிஷம் வெளிய நிக்கறேன்."

நிஜமாகவே வெளியே போய் நின்றாள். நான் போய்ச் சொன்னேன். சர்ஜன் வார்டு நடுவில் நிற்க வைத்து, நர்சுகள் முன்னால், என் ஏழு தலைமுறையை விசாரித்தார். எல்லாவற்றையும் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தையல்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நான் துணியைக் கோணலா வெட்டினா புதுத் துணி வாங்கிக் குடுத்துடுவேன். நீ என் இடுப்புக்கு என்ன குடுப்ப?"

மறுபடியும் ரத்தம் எடுத்து, புது அட்டை செருகி, குமிழி நடுவில் நிற்கிறதா என்று இரண்டு பேரும் பார்த்து, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். நாற்பத்தொன்று. இவள் குரல் நடுங்கியது. இறங்கித்தான் இருந்தது. இடுப்பைத் திறக்கவில்லை, அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து லேபில் இவளுக்கு ரசமட்டம் என்று பெயர். என் கல்யாணச் சட்டையை அவர்தான் தைத்தார். அளவை இரண்டு தடவை எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு தடவை எடுத்ததை நம்பக் கூடாதுன்னு உங்க ஆஸ்பத்திரியிலதான் கத்துக்கிட்டேன்" என்றார்.

"நல்லாதான் தைச்சார்" என்றாள் இவள் இப்போது. "அந்தச் சட்டை எங்க?"

"மேல பெட்டியில இருக்கும்."

"அன்னைக்கு நீங்க வெளிய வந்தபோது உங்க முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? அழுதுடுவீங்க போல இருந்தீங்க. அப்பதான் நான் முடிவு பண்ணினேன்."

"என்ன முடிவு?"

"என்ன முடிவோ" என்றாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "அதுக்கு முன்னாடி நீங்க எனக்குப் பிடிச்ச மாதிரி பேசுவீங்க, அவ்வளவுதான்."

முப்பத்து மூன்று வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. என் நீளக் காலையும் என் பேச்சையும் பார்த்துத்தான் அவள் மயங்கினாள் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. சொல்லிவிடலாம், இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அவள் முழங்காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள், டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி, பத்து தடவை. அதைப் பார்த்ததும் மறுபடியும் கடிகாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னும் நாலு நாள் விட்டுச் சொல்லலாம், வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம், ஒருவேளை சளியாகத்தான் இருக்கும் என்று மனசு தன் வக்கீல் வேலையை ஆரம்பித்தது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். "சூடு குறைஞ்சிருக்கு. ஏழு. அப்ப சளிதாங்கம்மா. எனக்கும் கொஞ்சம் கவலையாதான் இருந்துச்சு. இனிமே மூணு மாசம் கழிச்சு வந்தா போதும்."

"சரிங்க டாக்டர்" என்றாள் இவள். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். கதவு வரைக்கும் நடந்தாள், கைப்பிடியில் கை வைத்தாள், அங்கேயே நின்றாள். திறக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் வருகிறேனா என்று கேட்கவும் இல்லை.

உள்ளே கிருமி இருந்தால், நான் மறைத்து வைத்த கிருமி, இந்த மூன்று மாதமும் யாரும் தேடாமல் நிம்மதியாக வளரும். அப்புறம் அது தெரிய வரும்போது எலும்பு என்ன ஆகியிருக்குமோ. நான் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், அந்த ஏழுங்கற எண்ணை எழுதாதீங்க" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தினார்.

"நான் இவளுக்கு ஆண்டிபயாட்டிக் குடுத்தேன். போன தடவை இங்கிருந்து போன அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து ஏழு நாள், ரெண்டு வேளை. என் பல்லுக்கு எழுதினது. இவளுக்குத் தெரியாது, கால்சியம்னு சொல்லிக் குடுத்தேன். நான் லேப்ல முப்பத்தோரு வருஷம் இருந்தவன், தெரியாம செய்யல. மறுபடியும் காலைத் திறப்பீங்கன்னு பயந்து செஞ்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம். "உங்க வயசுல ஒருத்தர்கிட்ட நான் என்ன சொல்றது" என்று மட்டும் சொன்னார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

கதவருகே இருந்து இவள் திரும்பி வந்தாள். மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேஜை மேல் வைத்து அவிழ்த்தாள். மஞ்சள் மாத்திரைகள். இரண்டிரண்டாக விரலால் நகர்த்தி வரிசையாக வைத்தாள், பழைய பழக்கம்.

"பதிமூணு இருக்கு டாக்டர். நான் முழுங்கல. இவர் கொண்டு வரும்போதெல்லாம் நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு, தண்ணியைக் குடிச்சுட்டு, இவர் டம்ளரை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பினதும் எடுத்து வெச்சேன்."

மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலவற்றில் எச்சில் பட்டு மஞ்சள் மேல்பூச்சு கரைந்து திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது.

டாக்டர் இவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மாத்திரைகளைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பத்து மூணு வருஷத்துல இவர் எனக்கு ஒரு நாள் தண்ணி கொண்டு வந்து குடுத்ததில்ல. அன்னைக்கு ராத்திரி ஏப்பத்துல ஆஸ்பத்திரி வாசனை வேற வந்துச்சு. காலையில பாட்டிலைத் திறந்து பார்த்தேன். என் கால்சியம் வெள்ளை."

"அப்பவே என்கிட்ட போன்ல சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா அது புகார்" என்றாள் இவள்.

டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தப் பழைய வராந்தாவில் ஐந்து நிமிஷம் நின்ற மாதிரி, இந்தத் தடவை பத்து நாள் வெளியே நின்றிருக்கிறாள்.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாத்திரைகளை எண்ணினார். "நீங்க சொன்னது ஏழு நாள், ரெண்டு வேளை. பதினாலு ஆச்சே. ஒண்ணு எங்க?"

"அது முதல் வேளை" என்றாள். "இவர் குடுத்ததுன்னு பார்க்காமலே முழுங்கிட்டேன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இருபத்திரண்டு, பதினெட்டு என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். சீட்டில் ஒரு புள்ளி விட்டுப் போனாலும் திருப்பி அனுப்புகிறவள், வாழ்க்கையில் சரிபார்க்காமல் வாயில் போட்ட ஒரே பொருள் நான் நீட்டியதுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பத்து நாளைக்கு முன்னாடி போட்ட ஒரு மாத்திரையால முப்பத்தொண்ணு ஏழா ஆகாது" என்றார் டாக்டர், பேனாவை எடுத்து. "இது நிஜமான ஏழுதான். இருந்தாலும் ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுங்க. ஒரு தடவை எடுத்ததை மட்டும் நம்பி விட வேண்டாம்." பிறகு என் பக்கம் பார்க்காமல், "மாத்திரை எல்லாத்தையும் அம்மாவே எடுத்துக்கட்டும்" என்றார்.

வெளியே வந்தோம். வராந்தா நீளமாக, காலியாக இருந்தது. இவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்காமல் நடக்க ஆரம்பித்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "நான் சொல்லாம எழுந்து வந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

நின்றாள். திரும்பவில்லை.

"அதைத்தாங்க பத்து நாளா நானும் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

மறுபடியும் நடந்தாள். கோபத்தில் நடந்தாள். வலது கால் லேசாகத் தயங்கியது, ஆனாலும் வேகம் குறையவில்லை, செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. நான் என் நீளக் காலை எட்டிப் போட்டேன். பிடிக்க முடியவில்லை, நாலடி இருந்தது.